செங்கொடியின் எண்பது கிலோ

“இஞ்சின ஆப் பண்ணு நைனா. கீய எறங்கு. உள்ள பட்த்துகினு கீறானே கிளீனரு, அவனையும் எறக்கு.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கில் வருவது இவ்வளவுதான். கோபமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. சாம்பல் ஏற்றிய லாரி எடை மேடையின் மேல் அடங்கி நிற்கும். சிவப்பு எண்கள் மட்டும் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். செங்கொடி அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி ஊதிக்கொண்டிருப்பார். எண் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார். ஆடிக்கொண்டிருக்கிற எண்ணைப் பார்த்தால் மனசும் ஆடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

வள்ளூர் அனல் மின் நிலையத்துப் பக்கமிருந்து வரும் சாலையில், தனியார் எடை மேடை ஒன்றில் அவருக்கு வேலை. காலையில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். ஐம்பதை நெருங்கும் வயது. சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தூசுக்காகத் தலையில் ஒரு துண்டு. வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. பார்த்துப் போடும்படி சிலர் குழைவார்கள். “நானா போட்றேன்? மேட போடுது. அதாண்ட போயி கேளு” என்று சன்னலைச் சாத்திவிடுவார்.

அங்கே அவர் முதலில் சேர்ந்தது துடைப்பத்தோடு. மேடையில் கொட்டும் சாம்பலையும் கரித்தூளையும் கூட்டித் தள்ளுகிற வேலை. உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் அடிக்கடி லீவு போடுகிறவர். ஒரு மழைக்காலத்தில் அவர் திரும்பியே வராமல் போக, கூட்டிக்கொண்டிருந்த செங்கொடியை மேஸ்திரி கூப்பிட்டு, இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள் என்றார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. நாற்காலிக்கு மகிழினி தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை போட்டிருக்கிறார். மகிழினி அவருடைய மகள், தனியார் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பதைக் கண்டால் செங்கொடிக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்குப் போனாலும் வேலை அவரை விடாது. காய்கறிக் கடையில் விலை கேட்பதற்கு முன் தராசைத் திருப்பி, இந்த வருஷ அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் கையில் வாங்கிக் கண்ணை மூடி எடை சொல்வார். எல்லாம் தப்பாக இருக்கும். டன் கணக்கில் பழகிய மனசு, குழந்தைக்கு இறங்கி வர மறுக்கிறது. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவின் பேத்தியை ஆறு கிலோ என்று சொல்லிவிட்டு வந்தார். பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கெங்கம்மா அன்றைக்கே குழந்தைக்குச் சுற்றிப் போட்டுவிட்டார்.

அவருடைய சொந்த எடைக்கு வருவோம். ஆயுத பூஜை அன்று மேடையைக் கழுவி, நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும் செங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு மேடை நடுவில் போய் நிற்பார். உள்ளேயிருந்து யாராவது எண்ணைப் படிக்க வேண்டும். எண்பது. போன வருஷமும் எண்பது. அதற்கு முந்தின வருஷமும் அதே. மற்ற பெண்கள் எல்லாம் வயதாக ஆக ஊதிப்போக, தான் மட்டும் வருஷக்கணக்காக எண்பதிலேயே நிற்பதை அவர் எங்கள் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

லாரி நிறுக்கும் அந்த மேடைக்குச் சில்லறை தெரியாது. அது இருபது இருபதாகத்தான் எண்ணும். எழுபதைத் தாண்டினால் எண்பது என்று காட்டும். தொண்ணூறைத் தொட்டால் நூறு என்று காட்டும். இடைப்பட்ட எதுவும் அதன் கண்ணில் படாது. லாரிக்கு அது போதும். செங்கொடி ஏழு வருஷத்தில் எழுபத்தொன்றிலிருந்து எங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல அது போதாது. இது அவருக்குத் தெரியாதா என்றால், அந்தச் சாலையில் அவரை விட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. தன் விஷயத்தில் மட்டும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

முட்டிக்கு அந்த ஏற்பாடு தெரியவில்லை. வியாசர்பாடியில் எங்கள் வாரியக் குடியிருப்பில் நான் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது மாடி. இரவு அவர் படி ஏறுவது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். ஒரு படிக்கு ஒரு “யம்மா”. என் வாசலுக்கு எதிரே நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்குவார். இந்த வருஷம் அந்த நிற்றல் நீண்டுகொண்டே போனது. ஒருநாள் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். “இன்னாண்ணா, கெயவியாக்கிட்டியா என்னிய?” என்று முறைத்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

மகிழினி வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள். அங்கே நர்ஸ் எடை பார்த்துவிட்டு எண்பத்தொன்பது என்றதும், அந்த இயந்திரத்துக்கு முத்திரை போட்டிருக்கிறார்களா என்று செங்கொடி கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரித் தராசுக்கு அப்படி ஒன்று உண்டா என்றுகூட நர்ஸுக்குத் தெரியவில்லை. சீல் இல்லாத தராசு சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்று செங்கொடி தீர்ப்புச் சொல்லிவிட்டார். டாக்டர் அந்த வழக்குக்குள் போகவில்லை. எக்ஸ்ரே படத்தைக் காட்டி, முட்டியில் மெத்தை தேய்ந்துவிட்டது, பொங்கலுக்குள் உடம்பைக் குறைத்தால் மாத்திரையோடு ஓட்டலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன், அப்புறம் மூன்று மாதம் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். மெதுவாக, கையில் பிடிமானத்தோடு, தினமும் நடக்கச் சொன்னார்.

மூன்று மாதம் என்ற வார்த்தைதான் செங்கொடியைக் குத்தியது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று மாதம் வராத ஆளுக்கு நாற்காலி காத்திருக்காது. மேஸ்திரியின் கொழுந்தியாள் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தச் சாலை முழுவதும் தெரிந்த செய்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அந்த சேரு பூட்ச்சின்னா, மறுபடியும் தொடப்பத்த தான் தூக்கணும்ணா. இந்த காலோட அத்தயும் தூக்க முடியாது.”

நடப்பதற்கு இடம் வேண்டுமே. தெருவில் பாதியைக் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மீதியில் வண்டிகள் நிற்கின்றன. காற்று கொடுங்கையூர்ப் பக்கமிருந்து திரும்பினால் குப்பைப் புகை வந்து தொண்டையைப் பிடிக்கும். மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் இரண்டு கட்சி. ஆக, வீட்டுக்குள்ளேயே நடப்பதற்கு ஒரு மெஷின் வாங்குவது என்று முடிவாயிற்று.

மகிழினி போனில் கரண்டில் ஓடுவதைக் காட்டினாள். அம்மா அதை ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். எங்கள் குடியிருப்பில் யாராவது கிரைண்டர் போட்டால் பக்கத்து வீட்டு மின்விசிறி தள்ளாடும். அதோடு, தானாக ஓடுகிற எதையும் அவர் நம்புவதில்லை. “நான் நட்ந்தா அது நட்க்கட்டும். நான் நின்னா அதுவும் நிக்கணும். அது பாட்டுக்கு என்னிய இஸ்துகினு பூட்ச்சின்னா இன்னா பண்றது?” ஆகவே காலால் தள்ளி ஓட்டுகிற ரகம். அதிலும் சின்னது, மடிக்கிறது. போனில் வாங்குவதற்கும் ஒப்பவில்லை. அதற்கு நட்சத்திரம் போட்டவன் யாரென்று தெரியாதாம்.

டோல்கேட் பக்கம் சந்து ஒன்றில், அரிசி மண்டிக்கு மேல் மாடியில் உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார். எனக்கு அந்தச் சாமான்களைப் பற்றி என்ன தெரியும் என்றேன். தெரிய வேண்டாமாம். “நீ தான கீய் வூடு? சத்தம் ஒன் தலைல தான உயும்? நீயே கேட்டுக்கோ. அப்பால சண்டைக்கி வராத.” இப்படி ஒரு நியாயத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைக்காரன் ஷிபின் நாகர்கோவில் பக்கத்துப் பையன். வந்தவர் மெஷினைப் பார்ப்பதற்கு முன் பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்ததைப் பார்த்து விழித்தான். கயிற்றில் இரண்டு முடிச்சு. முதல் முடிச்சு வரை அகலம், இரண்டாவது வரை நீளம். கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம். ஒவ்வொரு மெஷினின் மேலும் கயிற்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனார். முதலில் காட்டியதில் பிடிமானமே இல்லை, வெறும் பலகை. பேஜாரு என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். அடுத்தது கயிற்றுக்குள் கச்சிதமாக அடங்கியது. மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தலாம், அடியில் சின்னச் சக்கரம், ஒற்றைக் கையால் நகர்த்தலாம். மூன்றாவது அகலமானது, கனமானது, பார்த்தாலே நம்பிக்கை வருவது. ஆனால் கயிறு அதன் பாதியிலேயே நின்றுவிட்டது.

கயிற்றுக்குள் அடங்கிய சின்னதில் ஏறினார். காலுக்கடியில் ஓட வேண்டிய பட்டை நகரவில்லை. அவர் பட்டை மேலேயே முன்னால் நடக்கப் பார்த்தார், அது சறுக்கியது. ஷிபின் பக்கத்தில் வந்து, “கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, குதிகாலை ஊணிப் பின்னால தள்ளுங்கக்கா. மெதுவாப் போதும்” என்றான். இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் பட்டை அசைந்தது. அப்புறம் நிற்கவில்லை. கரகரவென்ற சத்தத்தோடு செங்கொடி நடந்தார். வாயிலிருந்து ஒரு “யம்மா” வரவில்லை. இப்படி நடந்து வெகு காலம் ஆன ஆள் நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் சொல்வதற்குள், “நீ இன்னா இங்க நின்னுகினு கீற? கீய போயி கேளு” என்று விரட்டினார்.

அரிசி மண்டிக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டிக்காரர் தவசிமுத்து, திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெரியவர், கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். சத்தம் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், “நான் மேல எவனோ உளுந்து ஆட்டுதான்னுல்லா நெனச்சேன்” என்றார். உளுந்து ஆட்டுகிற சத்தம் என்றால் என் தலை தாங்கும். மேலே போய் அப்படியே அறிவித்தேன்.

வாங்கிவிடலாம் என்கிற நிலைமை. ஷிபின் பில் போடுவதற்கு முன், வாடிக்கையாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான். இந்தச் சின்னது எண்பத்தைந்து கிலோ வரைதான் தாங்கும், அக்கா என்ன வெயிட் இருப்பீங்க?

“எண்பது.”

“கரெக்டாத் தெரியுமாக்கா? அதுக்கு மேல இருந்தா பட்டை இழுத்துக்கிட்டு நிக்கும். ஒருநாள் ரோலர் விட்டுப்போச்சுன்னா நீங்க விழுந்திருவீங்க. அந்த முட்டியோட விழக் கூடாதுல்லா. பெரிசு நூத்தி இருபது தாங்கும்.”

மூலையில் இருந்த கண்ணாடித் தராசை இழுத்துப் போட்டான். செங்கொடி குனிந்து, அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. இதில் ஏற முடியாது என்றார். பையன் என்னைப் பார்த்தான். கீழே மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறது, அதற்கு வருஷா வருஷம் முத்திரை போடுகிறார்கள் என்று அவனே வழி சொன்னான். முத்திரை என்று கேட்டதும் செங்கொடிக்கு மறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

படி இறங்கும்போது பாதியில் நின்றார். முட்டிக்காக நிற்கிறார் என்று நினைத்தேன். “பெர்சு வாங்குனா கட்ல வெளிய போடணும்ணா” என்றார் மெதுவாக. மகிழினியும் அவள் அப்பா பீம்ராவும் தரையில் படுக்கிறவர்கள்தான். கட்டில் செங்கொடியின் முட்டிக்காக வாங்கியது. தரையில் படுத்தால், காலையில் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தான் அவர் எழுந்திருப்பார். முட்டியைக் காப்பாற்றப் போய் முட்டிக்கு இருக்கிற ஒரே சுகத்தை எடுத்துவிடுவதா என்று எனக்கும் கலக்கமாகத்தான் இருந்தது. சின்னதே போதும் என்று ஆகிவிட வேண்டும் என்று, கேட்டால் சிரிப்பீர்கள், நான் வேண்டிக்கொண்டேன்.

தவசிமுத்து, தராசின் மேல் இருந்த மூட்டையை இறக்கச் சொன்னார். பித்தளைத் தகட்டில் இந்த வருஷத்து முத்திரை பளிச்சென்று இருந்தது. செங்கொடி அதை விரலால் தொட்டுப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். இரும்புத் தட்டு கொஞ்சம் உயரம். வலது காலை வைத்து, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த பொன்னி மூட்டைகளில் கையை ஊன்றி, மேலே ஏறி நின்றார்.

எண் ஓடி, தயங்கி, எண்பத்து மூன்றில் நின்றது.

“பாத்தீங்களா, எண்பத்து மூணு. சின்னதே தாங்கும்க்கா” என்று ஷிபின் சந்தோஷமாகப் படி ஏறப் போனான். தவசிமுத்து கணக்குக்குத் திரும்பிவிட்டார். நான் பார்த்தேன். செங்கொடியின் இடது கை இன்னும் மூட்டையின் மேல்தான் இருந்தது. நான்கு விரல்களும் சாக்கில் அழுந்தியிருந்தன. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, அரிசி ரகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்.

கட்டில் கிடக்கட்டும், சின்னது வரட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, “தம்பி, இரு” என்ற குரல் கேட்டது. ஷிபின் படியில் நின்றான். செங்கொடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சக்கரம் வெளிய கீது” என்றார்.

ஷிபினுக்கும் தவசிமுத்துவுக்கும் அது புரியவில்லை. ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே தரையில் விட்டு நிறுத்தினால் லாரியின் எடை குறைந்து காட்டும். ஓட்டுநர்கள் செய்து பார்க்கிற வித்தை அது. அவரிடம் பலித்ததில்லை என்பார்கள்.

செங்கொடி அரிசி மூட்டையிலிருந்து கையை எடுத்தார். எண் ஏறத் தொடங்கியது. எண்பத்தாறு, எண்பத்தெட்டு என்று அது போய்க்கொண்டிருக்க, முட்டி நடுங்க நடுங்க, எதன் மேலும் படாதபடி இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.